பட்டயத்தில் ஏறாத பாட்டிமார்

பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வருவோரிடம் தந்தையின் பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறோம். கேளாமலே பாட்டன் பெயரையும், அவர் ஆண்ட பதவியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவோர் உண்டு. பாட்டியின் பெயரைச் சொல்லிப் பெருமை தேடிக்கொண்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.

பாட்டன் பெயர் பட்டயத்தில் இருக்கிறது, பதக்கத்தில் இருக்கிறது, கல்லறையின் தலைமாட்டில் செதுக்கப்பட்டிருக்கிறது. பாட்டி எங்கிருந்து வந்தாள், எவருடைய மகள், எந்த மொழியிலே அழுதாள் என்பதை எழுதி வைத்தாரில்லை. பாதிக் கணக்கை மறைத்துவிட்டு முழு உரிமையும் கேட்பது எதுவோ, அதற்கே குலப்பெருமை என்று பெயர்!

கணக்கென்று சொன்னோம், கணக்கையே பார்ப்போம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு முன் எண்மர். இப்படியே ஏறிச் சென்றால் பத்தாவது படியில் 1,024 முன்னோர் இடங்கள் நிற்கும். அந்த 1,024 இடங்களில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து, அவ்வொருவனே தனக்கு மூலமென்று சொல்வது வரலாறாகுமா? விருப்பமாகும். விருப்பத்துக்கு வரலாறென்று வேடம் புனைந்தால், வேடத்தைக் கலைப்பது அறிவின் கடமையாகும்.

இக்கடமைக்கு உதவும் ஒரு குடும்பத்தின் கதை உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே, நியூ மெக்சிகோ என்னும் மாநிலத்திலே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலே வேரூன்றிய லூனா – ஒட்டேரோ குடும்பம் அது. ஸ்பானிய மொழி பேசிய அக்குடும்பம் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் வாஷிங்டன் பேரவைக்கு மூன்று பேராளர்களையும், ஓர் ஆளுநரையும், ஒரு படைத்தலைவரையும், ஓர் அரசியற் சட்டத்தையே ஆட்டிவைத்த ஒருவரையும், பெண்ணுரிமைப் போரை முன்னின்று நடத்திய ஒரு மங்கையையும் தந்தது. பெருமைக்குரிய பட்டியல்தான். அப்பட்டியலின் வரிகளையும் படிப்போம்; வரிகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றிடங்களையும் படிப்போம்.

வந்தவர் யார்?

1598ஆம் ஆண்டு யுவான் தெ ஒன்யாத்தே என்பான் ஸ்பெயின் மன்னன் பெயரால் அந்நிலத்திலே கொடி நாட்டினான். அங்கே அதற்கு முன்பே ஊர் இருந்தது; உழவு இருந்தது; அடுக்கடுக்கான மண்வீடுகள் இருந்தன. அவற்றிலே வாழ்ந்த மக்களைப் புவேப்ளோ மக்கள் என்கிறோம். புவேப்ளோ என்றால் ஸ்பானிய மொழியில் ஊர் என்றே பொருள். ஊர் கட்டி வாழ்ந்தவர்களைக் காடுவாழ்நர் என்று சொல்லி அடக்கினார்கள் வந்தவர்கள். வரி கேட்டார்கள், வேலை வாங்கினார்கள், வழிபாட்டையும் பறித்தார்கள். பொறுத்த மக்கள் 1680இல் பொங்கியெழுந்தார்கள். போப்பே என்பாரின் தலைமையிலே ஊர்கள் ஒன்றுபட்டன. குடியேறியவர்களில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். எஞ்சியோர் தெற்கே எல் பாசோவுக்கு ஓடினர். பன்னிரண்டு ஆண்டுகள் அம்மண் அம்மண்ணின் மக்களிடமே இருந்தது. 1692இல் தியேகோ தெ வார்காஸ் படையுடன் திரும்பினான். மறு ஆண்டு குடியேற்றம் மீண்டும் தொடங்கியது.

குடியேற வந்தவர்கள் அனைவரும் கலப்பற்ற ஸ்பானியக் குருதியினரா? ஏடுகள் வேறு கதை சொல்கின்றன. 1695இல் யுவான் பாயேஸ் உர்த்தாதோ என்பவர் சகாத்தேக்காஸ் பகுதியிலிருந்து குடும்பங்களைத் திரட்டிவந்தார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்தது. பணத்துக்காக, ஒருவருக்கொருவர் உறவில்லாதாரைச் சேர்த்துக் கணவனென்றும் மனைவியென்றும் மக்களென்றும் எழுதிக் கணக்குக் காட்டினார் என்று பின்னர் அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்து, விசாரணையும் நடந்தது. எழுத்தர் எழுதுகோலாற் பிறந்த குடும்பங்கள்! அவ்வாறு வந்தோரின் பட்டியலிலே ஸ்பானியர் என்று குறிக்கப்பட்டவர் உண்டு. மெஸ்தீசோ என்ற கலப்பினத்தார் உண்டு. ஆப்பிரிக்கக் குருதி கலந்தவரென்று குறிக்கப்பட்டவரும் உண்டு.

குருதித் தூய்மை என்னும் நோய் ஸ்பெயினிலிருந்தே கப்பலேறி வந்தது. 1449இல் டொலேடோ நகரிலே ஒரு விதி எழுந்தது. யூத மரபிலிருந்து கிறித்துவத்துக்கு வந்தவர்களும், அவர்கள் வழித்தோன்றல்களும் நகரப் பதவி வகித்தல் கூடாதென்றது அவ்விதி. நம்பிக்கையை மாற்றிக்கொண்டாலும் பிறப்பு மாறாது என்பது அதன் உட்கிடை. அவ்விதியின் பேரப்பிள்ளைகளே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பிறப்புப் படிநிலைகள். ஸ்பானியனுக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்தால் ஒரு பெயர். அப்பிள்ளைக்குப் பிறந்தால் வேறொரு பெயர். ஓநாய் என்றும் நரி இனத்தான் என்றும் விலங்கின் பெயராலே குறிக்கப்பட்டோரும் உண்டு. மேற்படியில் நின்றவனுக்குப் பதவி. கீழ்ப்படியில் நின்றவனுக்கு வரியும் ஏவலும்.

அத்தனை கறாரான படிநிலையிலே ஒரு வேடிக்கையும் இருந்தது. 1795இல் ஸ்பெயின் அரசு ஒரு கட்டணப் பட்டியல் வெளியிட்டது. இன்ன தொகை செலுத்தினால், கலப்பினத்தானுக்கு அவன் பிறப்பின் குறை நீக்கப்படும் என்றது. காசு கொடுத்தால் கழுவக்கூடிய கறை, பிறப்பிலே வந்த கறையாக எப்படி இருக்க முடியும்? கறை குருதியிலே இல்லை. கணக்கெழுதியவன் மையிலே இருந்தது.

நியூ மெக்சிகோவில் கெனீசரோ என்றொரு வகுப்பாரும் இருந்தனர். போர்களிலே பிடிபட்டும் சந்தையிலே விலைக்கு வாங்கப்பட்டும் ஸ்பானியர் வீடுகளிலே வளர்ந்த பழங்குடிப் பிள்ளைகள் அவர்கள். ஆடு மேய்த்தார்கள், அடுப்பூதினார்கள், வீட்டுத் தலைவன் பெயரையே தம் பெயராக ஏற்றார்கள். பிள்ளைகளும் பெற்றார்கள். அப்பிள்ளைகளிலே எத்தனைபேர் இரண்டு தலைமுறைகளுக்குப் பின் ஸ்பானியர் என்று எழுதப்பட்டார்கள்! 1954இல் பாதிரியார் ஆஞ்செலிக்கோ சாவேஸ் அம்மாநிலக் குடும்பங்களின் மூலத்தைத் தேவாலயப் பதிவுகளிலிருந்து தொகுத்து வெளியிட்டார். பிரபுக்களின் பரம்பரையைத் தேடிச் சென்றவர்களுக்கு அங்கே போர்வீரரும் கைவினைஞரும் கலப்பினத்தாரும் காட்சி தந்தனர்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்து

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. குடிமக்கள் எல்லாரும் சமம் என்ற முழக்கம் எழுந்தது. பதிவேடுகளில் பிறப்பு வகுப்பைக் குறிக்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. பழைய நோய் ஒழிந்ததென்று எண்ணலாம். ஒழியவில்லை. 1846இல் அமெரிக்கப் படை சாண்டா பே நகருக்குள் புகுந்தது. 1848இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அங்கிருந்த மெக்சிகோ குடிமக்கள் அமெரிக்கக் குடிமக்களாயினர். 1850இல் நியூ மெக்சிகோ ஓர் ஆட்சிப்பகுதியாக அமைக்கப்பட்டபோது, வாக்குரிமை சுதந்தரமான வெள்ளை ஆடவருக்கு என்றது சட்டம். வெள்ளையன் என்று காட்டினால்தான் மனிதன் என்று மதிப்பேன் என்று புதிய ஆண்டை சொன்னான். பெட்டியின் அடியிலே கிடந்த பழைய குலப்பட்டயத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள் உள்ளூர்ப் பெரியவர்கள். "நாங்கள் மெக்சிக்கர் அல்லர், ஸ்பானியர்" என்னும் பேச்சு நாளடைவில் வலுத்தது. அதற்கு வீண்பெருமை மட்டுமே காரணமன்று, அச்சமும் காரணம். இதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்நாளில் வலென்சியா ஊரிலே விசென்தே ஒட்டேரோவின் மகனாக 1829இல் பிறந்தவர் மிகுவேல் அந்தோனியோ ஒட்டேரோ. கிழக்கே சென்று கல்வி கற்றார், சட்டம் பயின்றார், ஆங்கிலத்திலே வல்லவரானார். வாஷிங்டன் பேரவையில் நியூ மெக்சிகோவின் பேராளராக அப்போது இருந்தவர் கயேகோஸ் என்னும் பாதிரியார். பேராளருக்கு வாக்கு இல்லை. பேச்சு மட்டுமே உண்டு. கயேகோசுக்கோ ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அருகே வைத்துக்கொள்ள இசைவு கேட்டார். பேரவை மறுத்துவிட்டது. வாக்கும் இல்லை, வாயும் இல்லை என்றானபின் பேராளர் எதற்கு? அத்தேர்தல் வழக்கிலே வென்று 1856இல் அவ்விடத்தைப் பெற்றார் ஒட்டேரோ. 1861 வரையில் இருந்தார்.

மொழி தெரிந்த அவர், அம்மொழியைக் கொண்டு என்ன செய்தார்? தென் கரோலினாவைச் சேர்ந்த மேரி ஜோசபின் பிளாக்வுட் என்னும் பெண்மணியை மணந்து, அடிமை முறைக்கு அரண்கட்டிய தென்னாட்டு அரசியலாரோடு கைகோத்தார். 1859இல் நியூ மெக்சிகோ சட்டமன்றம் அடிமைச் சொத்தைப் பாதுகாக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. அதை நிறைவேற்றுமாறு ஊக்கியவர் ஒட்டேரோ. அந்நிலத்திலே கறுப்பின அடிமைகள் மிகச் சிலரே. பெரிய தலைவர்களின் தயவுக்காகச் சிறிய மக்களை விலையாக வைத்தார். 1861இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் கடனுக்கு உழைத்தே காலங்கழிக்கும் பண்ணையாள் முறை நீடித்தது. அதை ஒழிக்க 1867இல் வாஷிங்டன் பேரவையே நியூ மெக்சிகோவைப் பெயர் குறித்துச் சட்டம் செய்ய நேர்ந்தது.

ஆற்றங்கரையிலே லோஸ் லூனாஸ் என்று தம் பெயராலேயே ஊர் கொண்டிருந்தது லூனா குடும்பம். அதன் தலைவர் அந்தோனியோ ஹோசே லூனா. அவர் மகள் எலோய்சாவை, மிகுவேலின் அண்ணன் தம்பி முறையில் வந்த மானுவேல் அந்தோனியோ ஒட்டேரோவின் மகன் மானுவேல் மணந்தார். அந்த மானுவேலின் உடன்பிறந்தாள் அடலைடாவை, எலோய்சாவின் உடன்பிறந்தான் சாலமன் லூனா மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள்! மிகுவேலின் மற்றொரு அண்ணன் தம்பி மகன் மரியானோ ஒட்டேரோ, பெரியா குடும்பத்தில் பெண் எடுத்தார். அப்பெரியா குடும்பமும் பிரான்சிஸ்கோ, பெட்ரோ என்று இரு பேராளர்களை வாஷிங்டனுக்கு அனுப்பிய குடும்பம். மணமேடையிலே மாலை மாறியது. மந்தையும் மேய்ச்சல் நிலமும் வாக்குப் பெட்டியும் அம்மாலையிலே சேர்த்துத் தொடுக்கப்பட்டிருந்தன.

மரியானோ 1879 முதல் 1881 வரை பேராளர். அடுத்து நடந்த போட்டியில் ஒரு பக்கம் முதிய மிகுவேல் ஒட்டேரோ. மறுபக்கம் சாலமனின் அண்ணன் டிராங்கிலினோ லூனா. சம்பந்திகள் இருவர் எதிரெதிர்க் கட்சியிலே நின்றார்கள். எவர் வென்றாலும் பதவி வீட்டை விட்டு வெளியே போகாது! டிராங்கிலினோ வென்றார். மறு தேர்தலிலும் வென்றதாக அறிவிக்கப்பட்டார். எதிர்த்து நின்ற மான்சனாரெஸ் வழக்காடி, 1884இல் அவ்விடத்தைத் தாம் பெற்றார்.

மந்தையின் கணக்கையும் பார்க்கவேண்டும். பெருந்தலைவர்கள் ஆடுகளை ஏழைகளிடம் வாரத்துக்கு விடுவார்கள். ஆண்டுதோறும் இத்தனை குட்டி, இவ்வளவு மயிர் என்று ஏழை அளந்துவிட வேண்டும். மழை பொய்த்தாலும், ஓநாய் கொண்டுபோனாலும் நட்டம் மேய்த்தவனுக்கே. கடன் ஏறும், கடனோடு கட்டுப்பாடும் ஏறும், தேர்தல் நாளிலே கடன்பட்டவன் யாருக்கு வாக்களிப்பான் என்று கேட்கவும் வேண்டுமோ? குலக்கொடி செழித்தது என்கிறார்கள். கொடிக்கு ஊற்றிய நீர் எவன் நெற்றியிலிருந்து வழிந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

நிலத்துக்குச் சிந்திய குருதி

1880ஐ ஒட்டி இருப்புப்பாதை வந்தது. லூனா குடும்பத்தின் பழைய வீடு பாதையின் வழியிலே நின்றது. நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக இருப்புப்பாதை நிறுவனம் அவர்களுக்குப் புதிய மாளிகை கட்டிக் கொடுத்தது. சுவர் உள்ளூர்ப் பச்சைமண் கல். தோற்றமோ தென்னாட்டு வெள்ளைப் பிரபுவின் மாளிகை. அக்குடும்பத்தின் உள்ளத்துக்கு அவ்வீட்டைவிடப் பொருத்தமான உருவம் வேறில்லை.

ஆனால் புதிய ஆண்டைகள் மாளிகை கட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1883இல் எஸ்தான்சியா என்னுமிடத்திலே ஒரு பெருநிலத்தின்மேல் மானுவேல் ஒட்டேரோ உரிமை கொண்டாடினார். வேறொரு பழைய பட்டயத்தை விலைக்கு வாங்கிய விட்னி என்னும் செல்வரின் தரப்பாரும் அதே நிலத்தைக் கேட்டனர். வாய்ச்சொல் முற்றியது, துப்பாக்கி வெடித்தது, மானுவேல் மாண்டார். எலோய்சா இளம் விதவையானார். அவர் கையிலே இரண்டு வயதும் நிரம்பாத பெண் குழந்தை. சுட்ட விட்னிக்கு நீதிமன்றம் விடுதலை தந்தது. நிலமாவது கிட்டிற்றா? 1897இல் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்குகளிலே, இரு தரப்பாரும் கேட்ட பரப்பு இரு தரப்பாருக்கும் கிடைக்கவில்லை. பட்டயத்தை நம்பி உயிர் போயிற்று. பட்டயமோ உயிரையும் காக்கவில்லை, நிலத்தையும் காக்கவில்லை.

பெரிய குடும்பத்துக்கே இந்நிலை என்றால், ஊர்ப் பொதுவிலே மேய்ச்சல் நிலம் வைத்திருந்த எளிய மக்களின் கதி என்ன? 1891 முதல் 1904 வரை இயங்கிய நில உரிமை நீதிமன்றம், கோரப்பட்ட பரப்பிலே பத்தில் ஒரு பங்கைக்கூட உறுதிசெய்யவில்லை.

முதிய மிகுவேலின் மகன், அதே பெயர் கொண்ட இளைய மிகுவேல் ஒட்டேரோ, 1897இல் ஆட்சிப்பகுதியின் ஆளுநராக அமர்த்தப்பட்டார். அப்பகுதி அமைந்தபின் ஸ்பானிய மரபிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவரே. 1906 வரை இருந்தார். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. "ஸ்பானியர்கள் என்று சொல்லிக்கொண்டீர்களே, இப்போது யார் பக்கம்?" என்ற ஐயப்பார்வை நியூ மெக்சிகோமேல் விழுந்தது. முந்நூறு ஆண்டுப் பெருமை ஒரே நாளிலே குற்றச்சாட்டாயிற்று! ஆளுநர் ஆள் திரட்டினார். டிராங்கிலினோவின் மகன் மாக்சிமிலியானோ லூனா படைத்தலைவராகப் புறப்பட்டார். ரூஸ்வெல்ட்டின் முன்னோர் அமெரிக்கக் கரையில் இறங்குவதற்கு முன்பே தம் முன்னோர் ரியோ கிராண்டே கரையில் இருந்தனர் என்பதைக் காட்டி, தம்மைக் கியூபாவுக்கு அனுப்ப வேண்டுமென அவர் வாதாடியதை ரூஸ்வெல்ட்டே எழுதியிருக்கிறார். மூதாதையின் பெயரால் உரிமை கேட்டார், எதற்கு உரிமை? சாவதற்கு! 1899இல் பிலிப்பைன்ஸ் தீவிலே ஓர் ஆற்றில் மூழ்கி மாண்டார்.

மாண்டும் ஐயம் தீரவில்லை. 1902இல் பெவரிட்ஜ் என்னும் செனட்டர் தம் குழுவினரோடு வந்து சுற்றிப் பார்த்தார். நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார், தெருவிலே ஸ்பானிய மொழி ஒலிக்கிறது என்பதைக் கண்டார். மாநிலத் தகுதி கூடாதென்று எதிர்த்தார். 1850 முதல் 1912 வரை, 62 ஆண்டுகள், அம்மக்கள் வாயிலிலே நிறுத்தி வைக்கப்பட்டனர்.

பூட்டுப் போட்டவர்

1910இல் மாநில அரசியற் சட்டம் எழுத 100 பேராளர் கூடினர். அவர்களிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஸ்பானிய மரபினர். அவர்களுக்குத் தலைவர் சாலமன் லூனா. பல்லாயிரம் ஆடுகளுக்குச் சொந்தக்காரர். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவிலே உறுப்பினர். மேடையேறி முழங்கியவரல்லர், கண்ணசைவாலே காரியம் முடித்தவர்.

அவரும் அவர் தோழர்களும் செய்த காரியத்தைப் பாராட்டத் தயங்கமாட்டோம். சமயம், இனம், மொழி, நிறம் காரணமாகவோ, ஆங்கிலமோ ஸ்பானிய மொழியோ பேசவும் படிக்கவும் எழுதவும் தெரியாமை காரணமாகவோ எந்தக் குடிமகனின் வாக்குரிமையும், பதவி வகிக்கும் உரிமையும் குறைக்கப்படலாகாது என்று எழுதினார்கள். ஸ்பானிய மரபுக் குழந்தைகளைத் தனிப்பள்ளியிலே ஒதுக்கலாகாது என்று எழுதினார்கள். ஆசிரியர்களுக்கு இரு மொழிப் பயிற்சி வேண்டுமென்று எழுதினார்கள். எழுதியதோடு நில்லாமல் பூட்டும் போட்டார்கள். இப்பிரிவுகளை மாற்றவேண்டுமானால் மாநிலமெங்கும் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினரும், ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கினரும் இசைய வேண்டும் என்றார்கள். பெரும்பான்மையின் வெறியைச் சிறுபான்மை எப்படித் தடுப்பது என்பதற்கு அப்பூட்டு நல்ல பாடம்.

ஆனால் பூட்டுக்குள்ளே அகப்பட்டவர் இருவர் உண்டு. அதே வாக்குரிமைப் பிரிவு, பெண்களுக்குப் பள்ளித் தேர்தலில் மட்டுமே வாக்களித்தது. வரி செலுத்தாத பழங்குடியினருக்கு வாக்கே இல்லை என்றது. தன் உரிமையைக் காக்கப் போட்ட பூட்டு, பிறர் உரிமையைச் சிறையிட்ட பூட்டாகவும் ஆயிற்று. 1912இல் நியூ மெக்சிகோ 47ஆம் மாநிலமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆடுகளை மருந்து நீரில் முக்கும் தொட்டியிலே விழுந்து சாலமன் லூனா மாண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை.

பூட்டைச் சுற்றி வந்தவர்

எஸ்தான்சியாவிலே தந்தையை இழந்த அப்பெண் குழந்தைதான் நீனா ஒட்டேரோ வாரன். 1881இல் லோஸ் லூனாஸ் ஊரிலே பிறந்தவர். மாமன் சாலமனிடம் அரசியலைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். 1908இல் ஒரு படை அதிகாரியை மணந்தார், மணம் நிலைக்கவில்லை. மணவிலக்குப் பெற்றவள் என்றால் ஊர் தூற்றும் என்றெண்ணி, விதவை என்றே சொல்லிக்கொண்டார். கணவன் செத்தான் என்றால் இரக்கம். கணவனை விட்டாள் என்றால் இழிவு! உயிரோடிருப்பவனைச் சாகடித்துச் சொன்னால்தான் ஒரு பெண் தலைநிமிர முடியும் என்றால், பொய்யுரைத்தவள் அவளா, பொய்யுரைக்கச் செய்த சமூகமா?

1917இல் ஆலிஸ் பாலின் பெண்ணுரிமை இயக்கத்துக்கு நியூ மெக்சிகோவிலே தலைமையேற்றார் நீனா. மாநிலச் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு வாக்குப் பெறலாமா என்றால் மாமன் போட்ட பூட்டு குறுக்கே நின்றது. ஆகவே நாடு முழுதுக்குமான திருத்தமே வழியாயிற்று. ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் வேண்டுகோள்கள் போகவேண்டுமென வற்புறுத்தினார். சட்டமன்றத்திலே உறுப்பினர் உறுப்பினராகச் சந்தித்து வாதாடினார். 1920 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ அத்திருத்தத்தை ஏற்றது. மாமன் போட்ட பூட்டை மருமகள் உடைக்கவில்லை. சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்!

1917 முதல் 1929 வரை சாண்டா பே மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தார். ஆங்கிலம் கற்பிக்க வேண்டும், அதற்காகப் பிள்ளையின் தாய்மொழியைச் சிதைக்கலாகாது என்பது அவர் நிலை. 1922இல் வாஷிங்டன் பேரவைக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். அம்மாநிலத்திலிருந்து அப்படி நின்ற முதற்பெண் அவரே. தேர்தல் நேரத்திலே அவருடைய மணவிலக்குச் செய்தி உறவினர் வாயிலாகவே வெளிப்பட்டது. தோற்றார். குலம் காக்கும் என்பார்களே, அக்குலம் காத்த அழகு இது.

1936இல் அவர் ஒரு நூல் எழுதினார். அதிலே பழைய பண்ணை வாழ்வைப் பாசத்தோடு தீட்டினார். ஸ்பானிய மரபைப் போற்றினார். அடுப்படியிலே நின்றவளின் பார்வை அங்கே இல்லை. அத்துணை துணிவுடைய பெண்மணிக்கும் பட்டயத்திலே ஏறாத பாட்டிமார் கண்ணிலே படவில்லை. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிறப்புப் பெருமை அறிவாளியின் கண்ணையும் எப்படி மறைக்கும் என்பதற்காகச் சொல்கிறோம். 1965இல் நீனா மறைந்தார். 2022இல் அவருருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை அமெரிக்க அரசு வெளியிட்டது; பெண்ணுக்கு வாக்கு என்னும் முழக்கம் அதிலே ஸ்பானிய மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாணயத்திலே ஏறியது அவர் உழைப்பு, பிறப்பன்று.

கடைசியாக ஒருவர்

லோஸ் லூனாசுக்கு அருகே இஸ்லெட்டா என்னும் புவேப்ளோ ஊர் இருக்கிறது. ஒன்யாத்தே வருவதற்கு முன்பே இருந்த மக்களின் ஊர். அவ்வூர்க்காரர் மிகுவேல் துருகியோ. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்க மரைன் படை வீரராகப் பணியாற்றியவர், பள்ளி ஆசிரியர். 1948 ஜூன் திங்களில், லூனா குடும்பத்தின் பெயர் தாங்கிய அவ்வூரிலே, வாக்காளர் பட்டியலிலே தம் பெயரைப் பதியச் சென்றார். வரி செலுத்தாத பழங்குடியினருக்கு வாக்கில்லை என்று காட்டி மறுத்தனர். 1910இல் எழுதிய அதே பிரிவு! துருகியோ வழக்குத் தொடுத்தார். 1948 ஆகஸ்டு 3ஆம் நாள், மூன்று நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், அத்தடை அமெரிக்க அரசியற் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

துருகியோவுக்குப் பேராளரான பாட்டன் இல்லை. ஆளுநரான மாமன் இல்லை. இருப்புப்பாதை கட்டிக் கொடுத்த மாளிகை இல்லை. மண்ணிலே முன்வந்தவன் யார் என்ற கேள்விதான் அளவுகோல் என்றால், அக்குடும்பத்துக்கெல்லாம் முன்வந்தவர் அவர். ஆயினும் அவர் முன்னோரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கவில்லை. "நான் குடிமகன்" என்றார், அவ்வளவே.

லூனா – ஒட்டேரோ குடும்பத்தின் கொடிவழியிலே நாம் மதிப்பனவும் உண்டு, மறுப்பனவும் உண்டு. மொழிக்குக் காவல் எழுதிய கையை மதிக்கிறோம். அடிமைச் சட்டத்துக்குத் துணைநின்ற கையை மறுக்கிறோம். பெண்ணுக்கு வாக்குத் தேடிய காலடிகளை மதிக்கிறோம். இரண்டும் ஒரே குருதியிலிருந்துதானே வந்தன? ஒரே குருதி ஒருவரை அடிமைக்கு வழக்கறிஞராகவும் மற்றொருவரை உரிமைக்கு வழக்கறிஞராகவும் ஆக்குமானால், செய்கைக்குக் காரணம் குருதியன்று என்பது விளங்கவில்லையா?

தோழர்களே! இனி எவரேனும் உங்களிடம் வந்து மூவாயிரம் ஆண்டுக் குலம் என்றோ, முந்நூறு ஆண்டுக் குடும்பம் என்றோ முழங்கினால் சினங்கொள்ள வேண்டாம். பொறுமையாக இருந்து, பாட்டியின் பெயரைக் கேளுங்கள். அவளுக்கு வாக்கு இருந்ததா என்று கேளுங்கள். அவள் பிள்ளைகளுக்கு ஆடு மேய்த்துக் கொடுத்தவன் பேரன் இன்று எங்கே இருக்கிறான் என்றும் கேளுங்கள்.